பெயர்ச்சீட்டு இல்லாத வீட்டுச் செடி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாரோ பரிசாகக் கொடுத்தது, முன்பு குடியிருந்தவர் விட்டுச் சென்றது, ‘உள்வீட்டுச் செடி’ என்று மட்டும் சொல்லி விற்கப்பட்டது என்று பெயர் தெரியாத செடிகள் பல வழிகளில் வீட்டுக்குள் வந்துவிடுகின்றன. அப்படி ஒன்றை வைத்துக்கொண்டு விழிப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை.

பெயர் தெரியாமல் ஒரு செடியை வளர்க்கவே முடியாதா?

தாராளமாக முடியும். தண்ணீரும் வெளிச்சமும் எவ்வளவு தேவை என்பதைச் செடியின் உடம்பே பெருமளவு காட்டிக்கொடுத்துவிடும். இலை தடித்துச் சதைப்பற்றாக இருந்தால் அது தண்ணீரைச் சேமித்து வைக்கும் செடி. அடிக்கடி ஊற்றினால் அழுகும். இலை மெல்லியதாக, அகலமாக இருந்தால் தண்ணீரை வேகமாக இழக்கும், காயவிடக் கூடாது. மண்ணுக்குள் கிழங்கு இருக்கிறதா, தண்டின் கணுக்களில் காற்று வேர்கள் நீள்கின்றனவா என்பதும் இப்படித்தான் பேசும். முதல் மாதத்துக்கு இந்த அளவு போதும்.

பெயர் அவசரமாகத் தேவைப்படுவது ஒரே ஒரு காரணத்துக்கு: வீட்டில் கைக்குழந்தையோ, நாயோ, பூனையோ இருந்தால். அதைக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

வந்த அன்றே என்ன செய்ய வேண்டும்?

முதலில், செய்யக் கூடாததைச் செய்யாமல் இருங்கள். புதுச் செடி வந்த உற்சாகத்தில் அன்றே பெரிய தொட்டிக்கு மாற்றி, உரம் போட்டு, வெயிலில் வைப்பது வழக்கமாக நடக்கிறது. இடம் மாறிய அதிர்ச்சியில் இருக்கும் செடிக்கு அது மேலும் மூன்று அதிர்ச்சிகள்.

மற்ற செடிகளிடமிருந்து இரண்டு மூன்று வாரம் தள்ளி வையுங்கள். இலைகளின் அடிப்பக்கத்தையும் கணு இடுக்குகளையும் பூச்சிக்காகப் பாருங்கள். தொட்டிக்கு வடிகால் துளை இருக்கிறதா என்று பாருங்கள். அழகுத் தொட்டிக்குள் இன்னொரு பிளாஸ்டிக் தொட்டி இருந்தால், இடையில் தண்ணீர் தேங்கியிருக்கிறதா என்று தூக்கிப் பார்ப்பது அவசியம். பிறகு செடியை எல்லாப் பக்கமும் படம் எடுத்து வையுங்கள். இரண்டு மாதம் கழித்து ‘இது முன்பு இப்படித்தான் இருந்ததா?’ என்ற சந்தேகம் கட்டாயம் வரும்.

எல்லாமே பச்சை இலையாகத்தான் தெரிகிறது. எதைப் பார்த்து அடையாளம் காண்பது?

நிறத்தைக் கடைசியில் பாருங்கள். நம் கண் முதலில் போவது நிறத்துக்குத்தான். அதிகம் ஏமாற்றுவதும் அதுதான். ஒரே சிற்றினத்திலேயே முழுப் பச்சை, மஞ்சள் வரி, வெள்ளைத் திட்டு என்று பல ரகங்கள் இருக்கும். வெளிச்சம் குறைந்தால் அதே செடியின் நிறமும் மங்கிவிடும். அமைப்பு அவ்வளவு எளிதில் மாறாது.

இலைகள் தண்டில் எப்படி அமைந்திருக்கின்றன என்பதிலிருந்து தொடங்குவது நல்லது. ஒரு கணுவுக்கு இரண்டு இலைகள் எதிரெதிராக இருந்தால் ஹோயா, ஜேட் செடி, கலன்சோ, ஃபிட்டோனியா, கோலியஸ் போன்றவற்றின் பக்கம் தேடலாம். ஒன்றுவிட்டு ஒன்றாக மாறி மாறி வந்தால் மணி பிளாண்ட், ஃபிலோடென்ட்ரான், ரப்பர் செடி, பெகோனியா. தண்டே தெரியாமல் இலைகள் அடியிலிருந்து கொத்தாகக் கிளம்பினால் ஸ்பைடர் பிளாண்ட், பாம்புக் கற்றாழை, சோற்றுக் கற்றாழை, பீஸ் லில்லி என்று வட்டம் சுருங்கிவிடும்.

அடுத்து, நீங்கள் இலை என்று நினைப்பது உண்மையில் முழு இலைதானா? இசட்இசட் செடியில் நாம் தண்டு என்று பார்ப்பது ஒரு முழுக் கூட்டிலை. அதில் வரிசையாக இருப்பவை சிற்றிலைகள். சோதிக்கும் வழி எளிது: முழு இலை தண்டோடு சேரும் கக்கத்தில் மொட்டு இருக்கும், சிற்றிலையின் அடியில் மொட்டு இருக்காது.

சில அடையாளங்கள் ஒன்றே போதும் என்ற அளவுக்குத் துல்லியமானவை. இலையின் இரு பாதிகளும் சமமில்லாமல் ஒருபக்கம் கோணலாக இருந்தால் பெகோனியாவாக இருக்க வாய்ப்பு அதிகம். தண்டை விரலால் உருட்டும்போது நான்கு பட்டையாக இருந்து, எதிரெதிர் இலைகளும் இருந்தால் துளசிக் குடும்பம். கோலியஸ் அங்கேதான் இருக்கிறது. இலையைக் கிள்ளினால் வெள்ளைப் பால் வடிந்து, நுனியில் புது இலையை ஒரு கூரான உறை மூடியிருந்தால் ஆலமரத்தின் சொந்தக்காரர்களான ஃபைகஸ் வகை. கண்ணாடி இலைபோல் பளபளக்கும் ரப்பர் செடியில் அந்த உறை பெரும்பாலும் சிவப்பாக இருக்கும். பாலைத் தொட்ட கையோடு கண்ணைத் தேய்க்காதீர்கள்.

மணி பிளாண்ட்டா, ஃபிலோடென்ட்ரானா? இரண்டும் ஒன்றுபோலவே இருக்கின்றனவே?

இந்தப் பக்கத்திலேயே அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். இரண்டும் சேம்புக் குடும்பம், இரண்டும் கொடி, இரண்டுக்கும் இதய வடிவ இலை. பிரித்தறிய இலைப்பரப்பை விட்டுவிட்டுக் காம்புக்கும் புதுத் துளிருக்கும் வாருங்கள்.

மணி பிளாண்ட்டின் இலைக்காம்பில் மேல்பக்கம் ஒரு பள்ளம் ஓடும். நகத்தை வைத்தால் தெரியும். அதன் புது இலை, முந்தைய இலையின் காம்பை ஒட்டியே சுருளாக விரிந்து வெளியேறும். இதய இலை ஃபிலோடென்ட்ரானில் காம்பு உருண்டு இருக்கும். புது இலை மெல்லிய தனி உறைக்குள் இருந்து வரும், அந்த உறை பழுப்பாகக் காய்ந்து கணுவில் சில காலம் ஒட்டிக்கொண்டிருக்கும். கணு வேர்களும் வேறு: மணி பிளாண்ட்டில் ஒரு கணுவுக்குத் தடித்த ஒரு முனை, ஃபிலோடென்ட்ரானில் மெல்லிய பல வேர்கள். மணி பிளாண்ட்டின் இலை மெழுகு பூசியதுபோல் தடிப்பாகவும், ஃபிலோடென்ட்ரானின் இலை மெல்லியதாகவும் இருக்கும்.

இதில் குழம்பினால் வெட்கப்பட வேண்டியதில்லை, தாவரவியலாளர்களே குழம்பியிருக்கிறார்கள். மணி பிளாண்ட் 1880இல் போத்தோஸ் பேரினத்தில் (நெருங்கிய சிற்றினங்களைச் சேர்த்த தொகுதி) வைக்கப்பட்டது. 1962இல் அதன் பூ கிடைத்த பிறகு ரஃபிடோஃபோராவுக்கு மாறியது. 1964இல் எபிப்ரெம்னம் என்று ஆனது. பழைய ‘போத்தோஸ்’ மட்டும் பேச்சில் தங்கிவிட்டது. இத்தனை ஆண்டு இழுத்ததற்குக் காரணம், வகைப்பாடு பூவை வைத்துச் செய்யப்படுவது. இந்தக் கொடியோ பூப்பதே இல்லை என்று சொல்லலாம். பூக்கத் தேவையான ஜிப்ரெலின் ஹார்மோனை உருவாக்கும் ஒரு மரபணு இதில் சரிவர இயங்குவதில்லை என்று 2016இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆகவே ‘என் மணி பிளாண்ட் ஏன் பூக்கவில்லை?’ என்று காத்திருக்க வேண்டாம்.

பராமரிப்பைப் பொறுத்தவரை இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. எது என்று முடிவாகத் தெரியாவிட்டாலும் செடி நன்றாகவே வளரும்.

செல்போன் செயலி சொல்லும் பெயரை நம்பலாமா?

தொடக்கமாக எடுத்துக்கொள்ளலாம், தீர்ப்பாக அல்ல. கூகுள் லென்ஸ், பிளாண்ட்நெட், ஐநேச்சுரலிஸ்ட் போன்றவை படத்தில் தெரிவதை மட்டுமே பார்க்கும். காம்பின் பள்ளம் படத்தில் இல்லை என்றால் அதற்கும் தெரியாது. பிளாண்ட்நெட்டும் ஐநேச்சுரலிஸ்ட்டும் முதன்மையாக இயற்கையில் தானாக வளர்வனவற்றைப் பதிவு செய்வதற்காக உருவானவை; தொட்டிக்காக உருவாக்கப்பட்ட கலப்பின ரகங்களில் தடுமாறும்.

படம் எடுக்கும் விதத்தைத் திருத்தினாலே பதில் மேம்படும். நேர் வெயில் இல்லாத பகல் வெளிச்சத்தில், வெறும் சுவரின் முன் வைத்து, முழுச் செடி ஒன்று, ஒரே இலை ஒன்று, இலையின் அடிப்பக்கம் ஒன்று, கணு ஒன்று என்று தனித்தனியாக எடுங்கள். செயலி ஒரு பெயர் சொன்னதும் அந்தப் பெயரில் இணையத்தில் கிடைக்கும் படங்களைத் தேடி, உங்கள் செடியோடு பொருந்தாத ஒரு குறியைக் கண்டுபிடிக்க முயலுங்கள். பொருந்துவதைத் தேடினால் எதுவும் பொருந்திவிடும்.

முள் இருக்கிறது. கள்ளிதானே?

அவசியமில்லை. கேக்டஸ் குடும்பத்தில் முட்கள் பஞ்சு மெத்தை போன்ற சிறு புள்ளிகளிலிருந்து கிளம்பும். அந்தப் புள்ளி இல்லாமல், முட்கள் இரண்டு இரண்டாக இருந்து, கீறினால் வெள்ளைப் பாலும் வந்தால் அது யூஃபோர்பியா. அதன் பால் தோலையும் கண்ணையும் எரிக்கும். தொடுவதானால் கையுறை போடுங்கள்.

சிவப்போ மஞ்சளோ ஆன உருண்டை ஒன்று பச்சைத் தண்டின் உச்சியில் உட்கார்ந்திருந்தால் அது ஒரு செடி அல்ல, ஒட்டுக் கட்டிய இரண்டு. மேலே இருக்கும் ஜிம்னோகாலிசியம் என்ற கள்ளியில் பச்சையம் கிடையாது. கீழே உள்ள கள்ளி தயாரிக்கும் உணவில்தான் அது வாழ்கிறது. நீண்ட ஆயுள் எதிர்பார்க்க வேண்டாம். இன்னொன்று: கள்ளியின் தலையில் காகிதம் போன்ற பளிச்சென்ற பூ மாதக்கணக்கில் வாடாமல் இருந்தால் மெதுவாக அசைத்துப் பாருங்கள். உலர்ந்த பூவைப் பசை வைத்து ஒட்டி விற்பது சகஜம். நீலச் சாயம் அடித்த சதைப்பற்றுச் செடிகளும் உண்டு. புதிதாக வரும் இலை பச்சையாக வந்து குட்டை உடைத்துவிடும்.

வீட்டில் குழந்தையும் பூனையும் இருக்கின்றன. பெயர் தெரியும்வரை என்ன செய்வது?

நச்சுச் செடி என்றே வைத்துக்கொண்டு எட்டாத இடத்தில் வையுங்கள். உயரம் பூனைக்குப் பொருட்டில்லை; கதவு மூடிய அறைதான் பாதுகாப்பு.

மணி பிளாண்ட், ஃபிலோடென்ட்ரான், மான்ஸ்டெரா, டிஃபன்பாக்கியா, அக்லோனிமா, பீஸ் லில்லி ஆகிய சேம்புக் குடும்பத்தார் எல்லாரிடமும் கால்சியம் ஆக்சலேட் ஊசிப் படிகங்கள் உண்டு. கடித்தால் வாய் எரியும், நாக்கு வீங்கும், எச்சில் ஒழுகும். பெரும்பாலும் உயிருக்கு ஆபத்தில்லை என்றாலும் வீக்கம் மூச்சுக்குழலை எட்டினால் அவசர சிகிச்சை தேவை.

அதைவிடப் பயப்பட வேண்டியவை இரண்டு. உண்மையான லில்லியும் டேலில்லியும் பூனையின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யும். உடம்பில் பட்ட மகரந்தத்தை நக்கினாலே போதும். (பீஸ் லில்லி பெயரில் மட்டும்தான் லில்லி.) மற்றொன்று சைகஸ், அதாவது சாகோ பாம். பனை என்று சொல்லி விற்பார்கள், பனையே அல்ல. அதன் எல்லாப் பகுதியும், குறிப்பாக விதை, நாயின் கல்லீரலைக் கெடுக்கும். குட்டையான மரத்தண்டின் உச்சியில், குத்தும் நுனியுள்ள விறைப்பான சிற்றிலைகள் வட்டமாக நின்றால் சந்தேகப்படுங்கள். ஒப்பிட்டால் அரிகா பனையின் இலை வளைந்து தொங்கும். தொட்டால் மென்மையாக இருக்கும். அது நாய் பூனைகளுக்கு நச்சில்லை. ஸ்பைடர் பிளாண்ட், கலத்தியா, பெப்பரோமியா, ஹவோர்த்தியா ஆகியவையும் அப்படியே.

ஏற்கெனவே கடித்துவிட்டது என்றால் இந்தப் பக்கத்தைப் படிப்பதை நிறுத்திவிட்டு, கடித்த இலையையும் செடியின் படத்தையும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடமோ கால்நடை மருத்துவரிடமோ போங்கள்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை தண்ணீர் ஊற்ற வேண்டும்?

நாள் கணக்கு கேட்பவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை. ஒரே செடி மழைக்காலத்தில் குடிப்பதும் வெயில்காலத்தில் குடிப்பதும் வேறு. மண்தொட்டியில் காய்வதும் பிளாஸ்டிக் தொட்டியில் காய்வதும் வேறு. ‘வாரம் ஒருமுறை’ என்ற அறிவுரையால் செத்த செடிகள் ஏராளம்.

மண்ணைக் கேளுங்கள். விரலை இரண்டு மூன்று சென்டிமீட்டர் உள்ளே விடுங்கள். மெல்லிய இலைச் செடிகளுக்கு அந்த ஆழம் காயத் தொடங்கும்போது ஊற்றலாம். மணி பிளாண்ட், ஃபிலோடென்ட்ரான் வகைக்கு மேல் பாதி காயட்டும். பாம்புக் கற்றாழை, இசட்இசட், சதைப்பற்றுச் செடிகள், கள்ளி ஆகியவற்றுக்குத் தொட்டி அடிவரை காய வேண்டும். விரல் எட்டாது என்பதால் ஒரு மரக்குச்சியைச் செருகி எடுத்துப் பாருங்கள், ஈர மண் ஒட்டிக்கொண்டு வரும். இதையெல்லாம்விட நம்பகமானது தொட்டியைத் தூக்கிப் பார்ப்பது. ஊற்றிய உடனும் காய்ந்த பிறகும் உள்ள எடை கைக்குப் பழகிவிட்டால் விரலும் தேவைப்படாது.

ஊற்றும்போது அடித் துளை வழியே வெளியேறும்வரை ஊற்றுங்கள். தட்டில் தேங்கியதைக் கொட்டிவிடுங்கள். தினமும் அரை டம்ளர் என்று தெளிப்பது மேல்மண்ணை மட்டும் நனைத்து, அடிவேரைத் தவிக்க வைக்கும். ஊற்றிய தண்ணீர் ஓரமாகவே வழிந்து உடனே வெளியேறினால் மண் காய்ந்து சுருங்கிவிட்டது என்று பொருள். ஒரு வாளித் தண்ணீரில் தொட்டியை அரைமணி நேரம் உட்கார வையுங்கள்.

தொட்டியின் அடியில் கூழாங்கல் போட்டால் வடிகால் நன்றாகும் அல்லவா?

ஆகாது. நுண்ணிய மண் முழுக்க நனைந்து நிறையும்வரை அதிலிருந்து தண்ணீர் கல் அடுக்குக்குள் இறங்காது. கல் போட்டால் ஈரம் தேங்கும் மட்டம் வேரை நோக்கி உயர்வதுதான் மிச்சம். துளையும், பெர்லைட் (எடையில்லாத வெள்ளைப் பொரிகல்) கலந்த பொலபொலப்பான மண்கலவையும் போதும்.

‘வெளிச்சமான இடம், நேர் வெயில் கூடாது’ என்கிறார்கள். அது எந்த இடம்?

நடுப்பகலில், செடி வைக்கும் இடத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து, அதற்கு ஓர் அடி மேலே கையைப் பிடியுங்கள். நிழல் விளிம்பு தெளிவாக விழுந்தால் வலுவான வெளிச்சம். சதைப்பற்று வகைகளும் குரோட்டன்ஸும் அங்கே வாழும். நிழல் மங்கலாக, ஆனால் கை என்று புரியும்படி இருந்தால் பெரும்பாலான உள்வீட்டுச் செடிகளுக்கு அதுவே சரி. நிழலே விழவில்லை என்றால் பாம்புக் கற்றாழையும் இசட்இசட்டும் தாக்குப்பிடிக்கும். தாக்குப்பிடிப்பது வளர்வது ஆகாது.

செடி தவறான இடத்தில் இருந்தால் தானே காட்டும். கணுவுக்கும் கணுவுக்கும் இடையே தூரம் கூடி, இலை சிறுத்து, ஜன்னல் பக்கமே சாய்ந்தால் வெளிச்சம் போதவில்லை. வெயில் பட்ட பக்கம் மட்டும் வெளிறி, காய்ந்த திட்டுகள் வந்தால் அதிகம்.

இலை மஞ்சளாகிறது. எதனால்?

அடியில் இருக்கும் பழைய இலை ஒன்று மட்டும் என்றால் அது முதுமை, விட்டுவிடுங்கள். பல இலைகள் ஒரே நேரத்தில் மஞ்சளாகி மண்ணும் ஈரமாக இருந்தால் வேர் அழுகத் தொடங்கியிருக்கலாம். ஈர மண்ணில் நிற்கும் செடி வாடினால் இன்னும் தண்ணீர் ஊற்றத்தான் கை போகும். அங்கேதான் கதை முடிகிறது. தொட்டியிலிருந்து எடுத்துப் பாருங்கள். நல்ல வேர் உறுதியாக இருக்கும். அழுகிய வேர் பழுப்பாக, கூழாக, நாற்றத்தோடு கையோடு வரும். அதை வெட்டிவிட்டுப் புது மண்ணில், வேரின் அளவுக்குச் சிறிய தொட்டியில் வையுங்கள்.

நுனி மட்டும் பழுப்பாவது வேறு விஷயம். வறண்ட காற்று, தண்ணீரில் உள்ள உப்பு, அதிக உரம் எல்லாம் காரணமாகலாம். டிரசீனாவும் ஸ்பைடர் பிளாண்ட்டும் தண்ணீரில் உள்ள ஃபுளோரைடுக்கே நுனி கருகும். ஃபைகஸ் பெஞ்சமினா இடம் மாற்றியதற்காகவே இலைகளை உதிர்க்கும். பயந்து மறுபடி இடம் மாற்றினால் மறுபடி உதிர்க்கும்.

இரவில் இலைகளை மடக்கிக்கொள்கிறது. நோயா?

இல்லை, உங்களுக்குக் கிடைத்த நல்ல துப்பு. மராண்டா, கலத்தியா குடும்பத்தில் காம்பும் இலையும் சேரும் இடத்தில் உள்ள முழங்கால் போன்ற பகுதி நீரழுத்தத்தால் இலையை எழுப்பும், தாழ்த்தும். இந்தக் குடும்பம் ஈரக் காற்றையும் மிதமான வெளிச்சத்தையும் கேட்கும்.

உரம்?

புது இலை வந்துகொண்டிருக்கும் காலத்தில் மட்டும், பொட்டலத்தில் சொன்ன அளவில் பாதி. மண்மேல் வெள்ளைப் படிவம் தெரிந்தால் உரத்தை நிறுத்திவிட்டு, நிறையத் தண்ணீர் விட்டு உப்பைக் கழுவி வெளியேற்றுங்கள். வாடிய செடிக்கு உரம் மருந்தல்ல.

இலை இடுக்கில் பஞ்சு போல் ஏதோ இருக்கிறது.

மாவுப்பூச்சி. 70 சதவீத ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் பஞ்சை நனைத்துத் துடைத்தெடுங்கள்; முட்டைகள் பொரிந்து வரும் என்பதால் வாரம் ஒருமுறை சில வாரங்களுக்குத் தொடர வேண்டும். அசையாத பழுப்புப் புடைப்புகள் செதில் பூச்சி, நகத்தால் சுரண்டலாம். மெல்லிய வலையும் புள்ளி புள்ளியாக வெளிறிய இலையும் சிலந்திப்பேன்; இலையின் இருபக்கமும் தண்ணீரால் பீய்ச்சிக் கழுவுவதே முதல் மருந்து. மண்ணிலிருந்து எழும் சிறு கொசு போன்றவை, நீங்கள் அதிகம் ஊற்றுகிறீர்கள் என்பதற்கான புகார்.

பெயர் தெரிந்தால் அது காற்றைச் சுத்தம் செய்யும் செடியா என்று பார்க்க வேண்டும்.

வேண்டாம். இந்தப் பேச்சு நாசாவின் 1989 ஆய்விலிருந்து கிளம்பியது. அது மூடிய சிறு கூண்டுகளுக்குள் நடந்தது. அதன் பிறகான ஆய்வுகளைத் திரட்டிய 2019ஆம் ஆண்டுக் கட்டுரை, சாதாரணக் காற்றோட்டத்துக்கு ஈடாக ஒரு சதுர மீட்டருக்கு 10 முதல் 1,000 செடிகள் வேண்டும் என்றது. ஜன்னலைத் திறங்கள்.

எல்லாம் பார்த்தும் பெயர் பிடிபடவில்லை. இனி?

பேரினம் வரை தெரிந்தால் அதோடு நிறுத்தலாம். ‘ஏதோ ஒரு பெப்பரோமியா’ என்பது பராமரிப்புக்குப் போதுமான விடை. ரகத்தின் பெயர் விற்பவர்களுக்கும் சேகரிப்பவர்களுக்கும்தான் முக்கியம். அதுவும் படத்தை மட்டும் பார்த்து உறுதிசெய்ய முடியாதது. செடி பூத்தால் உடனே படம் எடுங்கள், மீதிக் குழப்பத்தில் பெரும்பகுதியை அது தீர்க்கும். மான்ஸ்டெரா போன்றவை இளமையில் ஓட்டையில்லாத இலையோடு வேறொரு செடிபோலவே இருக்கும். அவற்றுக்கு வயது வர வேண்டும்.

அதுவரை ஒரு பிளாஸ்டிக் பட்டையில், சந்தேகப்படும் பெயரையும் அதன் பக்கத்தில் ஒரு கேள்விக்குறியையும், செடி வந்த தேதியையும் எழுதித் தொட்டியில் செருகுங்கள். பென்சிலால் எழுதுங்கள், மார்க்கர் மை வெயிலில் வெளுத்துவிடும்.